மாதா கொடியும் என் முன்சக்கரமும்

அன்புத் தங்கை எர்மிந்தாவுக்கு அண்ணன் பெலார்மினோ எழுதுவது. கார்மேல் மாதா கிருபையில் நானும் உன் அண்ணி பிளாங்காவும் பசுவும் நலம். உன் முழங்கால் வலியும் மச்சானின் இருமலும் பொகொட்டா குளிரிலும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தாயிற்று. இனி உன் மகள் விஷயம்.

யோலிமா சதுக்கத்தில் சைக்கிள் கடை வைத்ததிலிருந்து பெரியவர் சிறியவர் என்று பார்ப்பதில்லை. திருநாள் ஊர்வலத்தில் கொடிச் சைக்கிளை அவள் பிறக்கும் முன்பிருந்தே நான்தான் ஓட்டுகிறேன். ஒரு கையில் கொடி, ஒரு கையில் ஹேண்டில்பார், மலைக்கோயில் வரை ஏற்றம். சக்கரம் ஆடினால் கொடியில் இருக்கும் மாதாவும் ஆடுவாள். ஆகவே என் சக்கரத்தை எந்தக் கடைக்காரனிடமும் கொடுத்ததில்லை. சாப்பாட்டு மேசையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் பிளாங்காவின் துணி கிளிப்பைக் கவ்வவிட்டுச் சுழற்றினால், ரிம் கிளிப்பில் உரசும் இடம்தான் கோட்டம். எதிர்ப்பக்கத்துக் கம்பியை முறுக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன். அப்படிப்பட்ட என்னிடம், வெள்ளிக்கிழமை, நடுச் சதுக்கத்தில், ஃபாதர் எவரிஸ்தோ எதிரிலேயே உன் மகள் சொல்கிறாள்:

"மாமா, உங்க சக்கரம் பாம்பு மாதிரி நெளியுது. கழட்டிக் குடுங்க, சரி பண்ணித் தர்றேன்."

"நீ பால் குடிக்கும்போதே நான் கோட்டம் எடுத்தவன்டி."

"அப்ப இருந்த கோட்டம்தான் மாமா இது."

எல்லாரும் சிரித்தார்கள். கொடி மேல் எப்போதும் கண் வைத்திருக்கும் கசாப்புக்கடை சவுலோ, "பெரியவர் பாவம், ஓய்வெடுக்கட்டும். கொடிய நான் பிடிக்கிறேன்" என்றான். ஃபாதர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழமை காலைல சுத்திப் பாத்துருவோம். ஆடுச்சுன்னா கொடி சவுலோவுக்கு."

சனிக்கிழமை காலையிலேயே சைக்கிளை மேசையில் ஏற்றினேன். இந்தப் பக்கம் முறுக்கினால் அந்தப் பக்கம் உரசியது, அந்தப் பக்கம் முறுக்கினால் மேலும் கீழும் குதித்தது, ஒரு கம்பியின் மரை தெறித்து உருளைக்கிழங்கு சூப்பில் விழுந்தது, அதைக் கரண்டியால் தேடியெடுத்து மாட்டினேன், கிரீஸ் டப்பா காலி, சரியென்று அச்சுக் குண்டுகளுக்குப் பன்றிக் கொழுப்பைத் தடவினேன். "சட்டியில இருந்த கொழுப்பு எங்கங்க?" என்றாள் பிளாங்கா. "மாதா சேவைக்குப் போச்சு" என்றேன். "உங்ககிட்ட இருக்கற கொழுப்பு பத்தலயா?" என்றாள். முறுக்கிய சக்கரத்துக்கு ஓய்வு வேண்டும், இரும்பும் மனுஷன் மாதிரிதான், இது என் சொந்தச் சித்தாந்தம். மாதா படத்துக்கு எதிரே சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுச் சவரத்துக்குப் போனேன். வந்து சுழற்றினால், கிளிப்பில் ஒரு முனகல்கூட இல்லை! ஓய்வு அப்படி வேலை செய்திருக்கு பாரு.

ஞாயிறு காலை ஃபாதர் சுழற்றினார். சக்கரம் நூல் பிடித்தாற்போல் ஓடியது. சவுலோ முகத்தில் ஈயாடவில்லை. யோலிமா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வெட்கம்தான், வேறென்ன. கொடியைப் பிடித்துக் கிளம்பினேன். பாதி ஏற்றத்தில் பன்றிக் கொழுப்பு வாசனைக்கு ஊர் நாய்கள் மொத்தமும் துரத்த ஆரம்பித்தன, நான் மிதித்த மிதியில் பேண்டுக்காரர்கள் வாயில் வைத்த எக்காளத்தோடு பின்னால் ஓடி வந்தார்கள், ஜெபமாலை சொன்ன பெண்கள் பாதி மாலையிலேயே நின்றுவிட்டார்கள், ஆனாலும் மாதா ஒரு இம்மி சாயவில்லை எர்மிந்தா! கோயில் வாசலில் எனக்குத் துணையாக நாய்களும் மாதாவும் மட்டுமே. மற்றவர்கள் வந்துசேர வெகுநேரம் ஆயிற்று.

ஆகவே, உன் மகள் அதே சதுக்கத்தில், சவுலோ காதுபட, என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். தாயார் என்ற முறையில் நீ கண்டிப்பாக எழுது. உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமலும் கதவுக் கீல்களில் எண்ணெய் வற்றாமலும் மாதா காக்கட்டும்.

உன் அண்ணன்,
பெலார்மினோ சியாசோக்கே

பி.கு.: இதைப் பிளாங்காவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. "நீங்க சவரத்துக்குப் போனப்ப யோலிமா வந்து அவ கடைச் சக்கரத்த மாட்டிட்டுப் போனா. கொடி மாமா கைய விட்டுப் போகக் கூடாதுன்னு அழுதுச்சுங்க புள்ள. உங்க சக்கரம் கோழிக்கூண்டு மேல மூடியா கெடக்கு" என்கிறாள். "அப்போ நாய்ங்க எதுக்குத் துரத்துச்சு?" என்று மடக்கினேன். "கோட்டுப் பையில பொரிச்ச தொத்திறைச்சி வெச்சது யாரு?" என்கிறாள். மன்னிப்பு விஷயம் இப்போதைக்கு நிற்கட்டும். அவள் சக்கரம் பரவாயில்லை என்று நான் சொன்னதாகச் சொல். ஆனால் ஒரு கம்பி சற்றுத் தளர்ச்சி. மேசையில் ஏற்றிவிட்டேன், சரிசெய்து கொடுத்துவிடுகிறேன்.