முன் சீட்டில் பெல்ட் போட்டிருந்தவர்

முன்பின் தெரியாத ஒருவருடைய அஸ்தியை நான் கடலில் கரைத்திருக்கிறேன். அதுவும் டூர் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய். அவர் குடும்பத்துக்கு நான் யாரென்று தெரியாது. எனக்கோ, கையில் வாங்கும்வரை அது என்னவென்றே தெரியாது.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று கிளம்பியவன் நான். லாரியில் கிளீனர், அம்மையார்குப்பத்தில் தறி, அரக்கோணம் ஸ்டேஷனில் டீ என்று சுற்றி, கடைசியில் மலேசியாவில் ஒரு ஓட்டலுக்குப் பரோட்டா மாவு பிசையப் போய்ச் சேர்ந்தேன். ஒரு அறையில் பதினொரு பேர், ஆறு பாய். (முறை வைத்துத் தூங்குவோம். தூக்கம் நன்றாகவே வந்தது.) இரண்டு வருஷத்தில் கிடைத்த முதல் முழுநாள் லீவில், பினாங்கு துறைமுகத்தைச் சுற்றிக் காட்டும் ஒருநாள் டூரில் பெயர் கொடுத்தேன். வேனில் எல்லாரும் வேறு வேறு நாட்டுக்காரர்கள். கைடு பேசியதில் எனக்குப் புரிந்தது இரண்டுதான்: மத்தியானம் படகு, இங்கே ஒரு மணி நேரம்.

'இங்கே' என்பது ஒரு முருகன் மலைக்கோயில். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முன்பு தறியில் கை மாட்டியபோது, விரல் பிழைத்தால் மொட்டை போடுகிறேன் என்று திருத்தணி முருகனுக்கு வேண்டியிருந்தேன். பிழைத்தது. மலைக்குக் கீழேயே குடியிருந்தும் போடவில்லை. கடல் தாண்டி வந்து படிகளைப் பார்த்ததும் உச்சந்தலை அரித்தது. மலை இருக்கிறது, படி இருக்கிறது, முருகன் இருக்கிறார். எந்த ஊராயிருந்தால் என்ன என்று எதிரே இருந்த தமிழர் சலூனில் நுழைந்தேன்.

அங்கே நாலு பேர் மொட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோ இல்லை, பேச்சு இல்லை. கத்தி வழிக்கும் சத்தம் மட்டும். கண்ணாடியில் நாலு ஜோடிக் கண்களும் என்னையே பார்த்தன.

"வந்துட்டியா?" என்றார் அவர்களில் மூத்தவர், தெலுங்கில்.

எங்கள் ஊர் பஸ்ஸில் பாதிப் பேர் தெலுங்குதான். தெலுங்கில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லியே வளர்ந்தவன். பினாங்கில் எதற்குத் தெலுங்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. வந்துவிட்டேன் என்றேன். என் தலையும் போனது. காசை நீட்டினால் சலூன்காரர் வாங்கவில்லை. "பெரியவரு குடுத்துட்டாருப்பா."

(டூரில் இதுவும் சேர்த்தி போல என்று சந்தோஷப்பட்டேன். அப்படிப்பட்ட அறிவாளி.)

வெளியே வெள்ளை வேன். காலையில் வந்ததும் வெள்ளை வேன்தான். "ஏறு பாவா" என்றார்கள், மச்சானைக் கூப்பிடுவதுபோல. ஏறினேன். ஆட்கள் மாறியிருந்தது கண்ணில் படாமல் இல்லை. மொட்டைகளைத் தனியாகப் பிரித்து ஏற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே திரையெல்லாம் இழுத்து மூடியிருந்தது. ஊதுவத்தி வாசனை. முன் சீட்டில் சிவப்புத் துணி சுற்றிய ஏதோ ஒன்று. அதற்கு சீட் பெல்ட் போட்டிருந்தார்கள். என் பக்கத்தில் இருந்த ஒரு அக்கா இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் முன்னாடி போய் உட்காரட்டுமாக்கா? கடல் நல்லாத் தெரியும்."

"அங்க அண்ணா உட்கார்ந்திருக்கார்."

எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. மொட்டைத்தலையில் வேர்த்தது. அதற்குள் டிரைவர் அந்தச் சீட்டைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "அண்ணா, பாலம் வருது." கொஞ்சம் கழித்து, "அண்ணா, இடது பக்கம் திரும்புறோம்."

புதுக் கைடு ரொம்பப் பணிவானவர் என்று நினைக்க முயன்றேன். முடியவில்லை.

படகுத்துறை வந்ததும் கொஞ்சம் உயிர் வந்தது. டிக்கெட்டில் சொன்ன படகுதானே! கடல்மேல் புகைமூட்டம். சிறிது தூரத்திலேயே கரை மறைந்துவிட்டது. படகுக்காரர் என்ஜினை நிறுத்தினார். பெரியவர் சிவப்புத் துணியைப் பிரித்து, ஒரு மண்கலயத்தை என் கையில் வைத்தார். இளஞ்சூடாக இருந்தது.

"எனக்கு வேணாங்க" என்றேன். "ரூம்ல வைக்க இடமில்லை."

யாரும் சிரிக்கவில்லை. "பிடிப்பா" என்றார் பெரியவர். "நீ வரணும்னுதான் மூணு நாளாக் காத்திருக்கான்."

"யாரு?"

அவர் முகவாயால் கலயத்தைக் காட்டினார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அதே நேரத்தில் அவருடைய போனும் அடித்தது. கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். "பஸ் ஸ்டாண்டுலயா இருக்கே? இப்பதான் இறங்கினியா?" போனைக் காதிலிருந்து எடுத்தார். பேசியது, அஸ்தியைக் கரைக்கவேண்டிய அத்தை மகன், புத்தூரிலிருந்து வருகிறவன். அவனை இவர்கள் யாரும் நேரில் பார்த்ததே இல்லையாம்.

"அப்போ இது யாரு?" என்றார் பெரியவர்.

நாலு மொட்டைகளும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்ததில் படகு சாய்ந்தது. அக்கா மட்டும் கிட்டே வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அண்ணா... நீயேவா வந்துட்டே?"

திருடன் என்று என்னைச் சொல்லியிருக்கிறார்கள், ஓடுகாலி என்று சொல்லியிருக்கிறார்கள். செத்தவன் என்று யாரும் சந்தேகப்பட்டதில்லை. அந்த மூட்டத்தில் எனக்கே நம்பிக்கை போய், கழுத்தில் நாடி பார்த்துக்கொண்டேன். ஓடியது.

"இல்லக்கா. நான் திருத்தணி. டூர்ல வந்தேன்."

"தண்ணி திரும்பப் போகுது" என்றார் படகுக்காரர். "அப்புறம் போட்டா எல்லாம் கரைக்கே வந்து ஒதுங்கிடும்."

"நம்ம வழக்கத்துல அத்தை மகன் கைதானேம்மா கரைக்கணும்?" என்றார் பெரியவர்.

அக்காவின் முகம் கோணியது. அழுகையா சிரிப்பா தெரியவில்லை. "தெரியாதவனையெல்லாம் வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போடுறதே அண்ணாவுக்கு வேலை, சித்தப்பா. இவனையும் அவர்தான் கூட்டிவந்திருக்கார். தம்பி, நீயே கரை."

அவர் பேரைக் கேட்டேன். சொன்னார். அந்தப் பேரைச் சொல்லிக் கரைத்தேன். சாம்பல் ஒரு சுற்று சுற்றிவிட்டு, புகைக்குள் போய்விட்டது.

கரைக்கு வந்தால், டூர் கைடு படகுத்துறையில் அலைந்துகொண்டிருந்தார். போனில் ஒரு சுருட்டைமுடிக்காரனின் படத்தைக் காட்டி, பார்த்தீர்களா என்று என்னிடமே விசாரித்தார்.

இப்போது திருத்தணியில் என் மனைவியோடு இருக்கிறேன். வருஷா வருஷம் அந்தத் திதிக்கு மலேசியாவிலிருந்து அக்கா போன் செய்வார். அன்றைக்கு எங்கள் வீட்டில் கறி, மீன் கிடையாது. வந்தவர்களிடம் என் மனைவி சொல்லிக்கொண்டிருப்பாள்:

"இன்னிக்கி வூட்ல கவுச்சி இல்லீங்க, இவுரு அண்ணன் திதி. ஆங், கூடப் பொறந்தவரு இல்ல. இவுரு டூர் போய்க்கினு இருந்தப்போ வழியில கெடச்சவரு."