ஹலோ கம்பவுண்டரின் மூன்று நிமிடம்

பெரம்பலூர் வட்டாரத்திலேயே அடுத்தவர் ரகசியத்தைக் காப்பாற்றத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் ஹலோ கம்பவுண்டர்தான். இத்தனைக்கும் அவர் போனில் "ஹலோ" என்றால், வேப்பந்தட்டை பஸ்ஸில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான்.

எழுபதுகளின் கடைசியில் அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் போஸ்ட்மாஸ்டர். ஊருக்கே ஒரு போன், அதுவும் என் மேஜையில். எதிரே சர்க்கார் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் நாற்காலி வருஷக்கணக்காகக் காலி. சிக்கலான கேஸ் வந்தால் கம்பவுண்டர் ஆளை என் ஆபீசுக்கு அழைத்து வந்து, திருச்சியில் தனக்குத் தெரிந்த லேடி டாக்டருக்கு ட்ரங்க் கால் போடுவார். அந்த வெளியூர் காலுக்கு ஒரு தடவைக்கு மூன்று நிமிடம்தான்.

"நாடி பிடிக்காம என்னய்யா வைத்தியம்?" என்று சிரித்த ஒரு பெரியவர், காய்ச்சல் வந்ததும் ரிசீவருக்கு முன்னால் நாக்கை நீட்டிக் காட்டினார். டாக்டரும் லேசில் மசியவில்லை. "ஆளைப் பாக்காம மருந்து சொல்ல மாட்டேன்" என்றார்.

"மருந்து வேணாங்கம்மா. பஸ் ஏத்தணுமா வேணாமான்னு மட்டும் சொல்லுங்க" என்று கம்பவுண்டர் வழிக்குக் கொண்டுவந்தார்.

தொல்லை அவர் தொண்டையில்தான் இருந்தது. அவர் நோயை விவரித்து முடிப்பதற்குள் டீக்கடையில் அதற்குக் கஷாயமே சொல்லிவிடுவார்கள். பெண்கள் ஒருத்தரும் வரவில்லை. அது அவருக்கு உறைத்தது.

"இனிமே நான் பேசல சார். நோவு யாருக்கோ அவங்களே பேசட்டும்."

முதலில் வந்தவர் பஞ்சாயத்து பிரசிடெண்டின் வெங்காயக் கொல்லையில் களையெடுக்கும் பெண். பெயர் வேண்டாம், கம்பவுண்டருக்குப் பிடிக்காது. பல மாதமாக எதையோ யாரிடமும் சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருந்தவர்.

"ஊருக்குத் தெரிஞ்சா தலைகாட்ட முடியாதுங்க" என்றார்.

"எனக்கே தெரிய வேணாம். டாக்டரம்மாகிட்ட மட்டும் சொல்லுங்க."

கால் கிடைத்ததும் கம்பவுண்டர் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டரிடம், "யம்மா, பொம்பள பேசுறாங்க, நீயும் ஹெட்போனைக் காதுலேருந்து எடுத்துரும்மா" என்றார். ஆபீசை விட்டு நான் நகரக் கூடாது என்பதால் என் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்தார். அதிலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. "சீல் குத்துங்க சார், நல்லா சத்தமா." குத்தினேன். திருமழபாடிக்குப் போகவேண்டிய ஒரு கல்யாணப் பத்திரிகை முழுக்க மையானது.

அவர் வெளியே போய் வாசலை மறித்து நின்றார். அந்த நேரம் பார்த்து பிரசிடெண்டு வந்தார். நான் சீலை நிறுத்தவில்லை. வாசலில் நடந்ததைப் பிற்பாடு டீக்கடைக்காரர்தான் சொன்னார்.

"போஸ்டாபீஸ் பொது எடம்யா. என்னை நிறுத்த நீ யாரு?"

"எடம் பொதுதாங்க. வியாதி பொது இல்லீங்களே."

மூன்று நிமிடம் முடிந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் கம்பவுண்டரே அந்தப் பெண்ணைத் திருச்சிக்கு ஏற்றிவிட்டார்.

இரண்டு மாதம் தகவலே இல்லை. டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்கலாமே என்றதற்கு, "அது அவங்க ரகசியம் சார்" என்று கம்பவுண்டர் மறுத்துவிட்டார். 'போன் வைத்தியம் செய்து ஒரு உயிரைப் போக்கிவிட்டார், உடனே மாற்ற வேண்டும்' என்று பிரசிடெண்டு பெட்டிஷன் எழுதினார். பாதி ஊர் கையெழுத்துப் போட்டது. கம்பவுண்டர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு புதன்கிழமை அந்தப் பெண் பஸ்ஸிலிருந்து இறங்கினார். முகம் தெளிந்திருந்தது. கடைத்தெருவே கூடிவிட்டது.

"ஆபரேசன் ஆச்சுங்க. ஒரு மாசம் தள்ளியிருந்தா காப்பாத்தியிருக்க முடியாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"அப்படி என்னம்மா வியாதி?" என்று பிரசிடெண்டு கேட்டார்.

"அது எனக்கும் டாக்டரம்மாவுக்கும்ங்க."

வெங்காயக் கொல்லைக் கூலிக்காரப் பெண் பிரசிடெண்டுக்கு அப்படிப் பதில் சொல்லி ஊர் அதுவரை கேட்டதில்லை. பெட்டிஷன் போன இடம் தெரியவில்லை. அதில் கையெழுத்துப் போட்ட நாலு பேர் அடுத்த வாரமே பெண்டாட்டிகளைக் கூட்டிக்கொண்டு என் ஆபீஸ் வாசலில் வரிசையில் நின்றார்கள். அந்தப் பெண்ணுக்கு என்ன வியாதி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் திரும்பி வந்த அந்தப் புதன்கிழமை, கடைத்தெருக் கூட்டம் கலைந்ததும் கம்பவுண்டர் உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "பொழைச்சுட்டாங்க சார்" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் தலை நிமிராமல் தபால் பிரித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பிரிக்க ஒரு தபாலும் இல்லை.