ஒரு ஜோடி மீசைக் கெளுத்தி

தண்டையார்பேட்டை,
வெள்ளிக்கிழமை காலை, 1951

அன்புள்ள மச்சான் அமீருக்கு, உன் அக்காள் புருஷன் ஹபீபுல்லா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அக்காள் சாபிராவும் நலம். ஆம்பூரில் நீயும் பிள்ளைகளும் உன் தோல் மண்டியும் நலமாயிருக்க துஆ செய்கிறேன்.

நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, உன் அக்காள் ஒரு வாரமாக என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. காரணம் ஒரு மீன். சிரிக்காதே, முழுக்கப் படி. துறைமுகக் கிடங்கில் மூட்டை எண்ணும் வேலையிலிருந்து ரிட்டையரான பிறகு, எண்ண ஒன்றுமில்லாமல் கை அரித்து, மூர் மார்க்கெட்டில் பழைய மீன் புத்தகம் ஒன்று வாங்கினேன் அல்லவா? அதில் ஏரிக் கெளுத்தி என்றால் நாலு ஜோடி மீசை, முதுகில் ஒரு முள், பக்கத் துடுப்புக்கு ஒரு முள் என்று படம் போட்டிருக்கிறான். மீன்காரி கன்னியம்மா மணலி ஏரியிலிருந்து கூடையில் கொண்டுவரும் கெளுத்தியை எடுத்துப் பார்த்தால் மீசை ஒரே ஜோடி, முள் கிடையவே கிடையாது. ஒரு மீன் அப்படியிருந்தால் ஊனம் என்று விட்டுவிடலாம். வாங்குகிற மீனெல்லாம் அப்படியென்றால்? உலகத்தில் எவனும் பார்க்காத புது இனம் என் வீட்டுக் குழம்பில் கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது, நான் புளி போதவில்லை என்று சண்டை போட்டிருக்கிறேன்.

உடனே படம் வரைந்து, எழும்பூர் பக்கம் மீன் ஆராய்ச்சி செய்யும் செல்வநாதன் என்ற அதிகாரியிடம் காட்டினேன். மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "பாய் ஸார், நீங்கள் வரைந்தது நிஜமானால் இது புது இனம்தான். கண்டுபிடித்தவர் பெயரையே வைக்கலாம், மீனைக் கொண்டுவாருங்கள்" என்றார். பெயரோடு ஒரு வால் சேர்ப்பார்களாம், ஹபீபுல்லாயி என்று. அமீர், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? பிள்ளை குட்டி இல்லாதவன் நான். எனக்குப் பின்னால் என் பெயரைச் சொல்ல ஏரியில் ஒரு மீனாவது இருக்கும் என்று நினைத்தபோது, வீடு வரும்வரை எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

அப்புறம் பட்ட பாட்டைக் கேள். மரச்சாமானுக்குப் பாலிஷ் போடும் லோகநாதனிடம் ஸ்பிரிட் வாங்கி, உன் அக்காளின் ஊறுகாய் ஜாடியில் மீனை ஊறப்போட்டு, ராயபுரம் டிராமில் ஏறினேன். கல்மண்டபத்தில் டிராம் குலுங்கியதில் மூடி பறந்து, ஸ்பிரிட்டும் மீனும் எதிரே வெள்ளை வேட்டியில் இருந்தவர் மடியில் விழுந்தன. "இன்னா பாய், வண்டியெல்லாம் கலீஜ் பண்ணிகினு கீற, எறங்கு மொதல்ல" என்று கண்டக்டர் மீனையும் என்னையும் சேர்த்தே இறக்கிவிட்டான். நான் செருப்பைத் தேடுவதற்குள் காக்கை மீனைத் தூக்கிப் போய்விட்டது. அடுத்த மீனை உப்பில் புதைத்து மாடியில் காயவைத்தேன், பக்கத்து வீட்டுப் பூனைக்கு நாக்கு நீளம். மூன்றாவது மீனை ஜாடியோடு என் கட்டிலடியிலேயே வைத்திருக்கிறேன். இன்று ஜும்ஆ முடிந்ததும் செல்வநாதனே நேரில் வருகிறார்.

இதைச் சொன்னதிலிருந்துதான் உன் அக்காளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அவரு எதுக்குங்க வரணும், வேணாமே" என்கிறாள். ஜாடியைப் பார்த்தால் கண்ணைத் துடைக்கிறாள். மீன்மேல் பொறாமைப்படும் பெண்பிள்ளையை எங்கேயாவது கண்டதுண்டா? போன வருஷம் கெளுத்தி முள் குத்தி என் கை பூரியாக உப்பியபோது விடிய விடிய ஒத்தடம் கொடுத்தவள் இவள்தான். அன்றிலிருந்து என்னைக் கூடைப் பக்கம் விடாமல், மீனைத் தானே வாங்கித் தட்டில் கொண்டுவந்து காட்டுகிறவளும் இவள்தான். அப்பேர்ப்பட்டவளுக்கு இப்போது என்ன வந்தது? நீ நாலு வரி புத்தி சொல்லி எழுது. ஆம்பூர் ஜமாஅத்தில் என் பெயர் விஷயத்தைச் சொல்லிவிடு. அடுத்த மாதம் குடும்பத்தோடு வா, பிரியாணி போடுகிறேன். உன் பிள்ளைகளுக்கு என் துஆவும் முத்தமும்.

இப்படிக்கு,
ஹபீபுல்லா

பி.கு: இன்று மாலை. செல்வநாதன் வந்தார். ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அந்த நேரம் வாசலில் கன்னியம்மாவின் குரல் கேட்டது. உயிர் மீனையே பாருங்கள் என்று அவரைப் பெருமையாக அழைத்துப் போனேன். கன்னியம்மா எங்களைப் பார்க்கவில்லை. கூடையிலிருந்து ஒரு கெளுத்தியை எடுத்தாள். அதற்கு நாலு ஜோடி மீசையும் முள்ளும் புத்தகத்தில் போட்டபடியே இருந்தன. அருவாமனையில் வைத்துச் சரக் சரக்கென்று நறுக்கினாள்.

"என்ன செய்கிறாய்?" என்றேன்.

"இன்னா பாய், எப்பவும் பண்றதுதான். உன் கைல குத்திடும், முள்ளு மீசை அல்லாத்தையும் எடுத்துட்டுக் குடுன்னு அம்மாதான் சொல்லிகீது."

"ஒரு ஜோடி மீசையை மட்டும் ஏன் விட்டாய்?"

"மொத்தமும் எடுத்துட்டா இது கெளுத்தியே இல்லன்னு நீ பேஜாரு பண்ணுவியே."

செல்வநாதன் தோள் குலுங்கத் திரும்பி நின்றுகொண்டார். நல்ல மனிதர், சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை. அப்புறம் சாப்பிட உட்கார்ந்து, புது இனத்தில் இரண்டை முள் பயமில்லாமல் தின்றுவிட்டுப் போனார். அடுப்படியில் உன் அக்காள் தலை குனிந்து நின்றாள். "மொதல்லயே சொல்லியிருப்பேன். நம்ம பேரு நிக்கப்போவுதுன்னு சின்னப் புள்ளையாட்டம் சிரிச்சீங்க. எப்படிங்க சொல்லுவேன்?" என்றாள். அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கி நானே கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டேன்.

ஆகையால் புத்தி சொல்லி எழுத வேண்டாம். இந்தப் பி.கு-வைப் படிப்பதற்குள் ஜமாஅத்தில் சொல்லியிருந்தால் அது வேறு ஹபீபுல்லா என்று சொல்லிவிடு. பிரியாணிக்கு மட்டும் கட்டாயம் வா. ஜாடியை நான் கொட்டவில்லை, அலமாரியில் பெயர் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். சாபிராயி. படைத்தவன் அல்லாஹ், மீசையை எடுக்கச் சொன்னவள் உன் அக்காள்தானே.