ஏழாவது கிலோமீட்டரில் நின்ற அத்தான்

முதுகுதட்டிகள் என்று ஓர் இனம் இருக்கிறது. உங்களுக்கும் நன்றாகத் தெரிந்த இனம்தான். நீங்கள் பரீட்சையில் தோற்ற அன்று முதல் ஆளாக வீட்டுக்கு வந்தவர், வேலை போன அன்று உங்களைவிடத் தெம்பாக இருந்தவர், காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தபோது இரண்டு காலும் போனவர்களின் கதைகளாகத் தேடிப் பிடித்துச் சொன்னவர், எல்லோரும் இந்த இனமே. நாம் ஜெயித்தால் தொலைபேசியில் ஒரு வார்த்தையோடு சரி. தோற்றால் நேரில் வருவார்கள். வரட்டுமா என்று கேட்டுக்கொண்டா வருவார்கள்?

நகரப் பேருந்து ஓட்டும் ஒரு பெண்மணிக்கு வாய்த்த முதுகுதட்டி, அவளுடைய அக்காவின் கணவர். தங்கமான மனிதர். அதுதான் தொல்லையே.

பதினாறு வருஷம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து, வயிறு ஸ்டியரிங்கை இடிக்கும் அளவுக்கு வந்த பிறகு அவள் வயிற்றைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். ஒன்றரை வருஷத்தில் நாற்பத்திரண்டு கிலோ குறைந்தது. ஓட்டுநர் இருக்கையை முன்னால் நகர்த்திப் போட வேண்டியதாயிற்று. பணிமனையில் சிலர், கத்தி வைத்துக் குறைத்ததுதானே, இதில் இவள் சாமர்த்தியம் என்ன என்று காதுபடப் பேசினார்கள். அது அவளைச் சுட்டது. கத்தி குறைத்தது போக மிச்சத்தைத் தன் கால்கள் குறைத்தன என்று ஒரு தடவையாவது காட்டிவிட வேண்டும் என்றுதான் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தாள். தொண்ணூறு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று தனக்குத்தானே கெடு வைத்துக்கொண்டாள்.

சுருக்கிய வயிற்றோடு ஓடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. தாகம் எடுத்தாலும் ஒரு மிடறுதான். சர்க்கரை கலந்ததை மடமடவென்று குடித்தால் கை நடுங்கும், குப்பென்று வேர்க்கும், தலை சுற்றும். மருத்துவர் சொன்னதை அவள் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள். இடுப்பில் ஒரு சின்னப் பாட்டில், கிலோமீட்டருக்கு ஒரு மிடறு. ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டத்தில் ஆறாவது கிலோமீட்டர் பலகையை ஐம்பத்து மூன்றாவது நிமிடத்தில் தாண்டினாள். கெடுவுக்குள் முடிந்துவிடும் என்று தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரும் பார்க்கவில்லை என்று வாய் விட்டே சிரித்தாள்.

ஏழாவது கிலோமீட்டரில் அத்தான் நின்றிருந்தார்.

விடிவதற்கு முன்பே வந்து இடம் பிடித்து, ஒரு லிட்டர் பாட்டிலில் கை ஓயும் வரை குளுக்கோஸைக் கலக்கிக் குலுக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவளைக் கண்டதும் செருப்புக் காலோடு கூடவே ஓடிவந்தார். "ஒரே மூச்சுல குடிச்சிரும்மா. அப்புறம் பாரு." அவள் தலையை ஆட்டினாள். அவர் விடவில்லை. ஓரத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள். அக்கா கல்யாணமான நாளிலிருந்து அத்தான் நீட்டியதை மறுத்துப் பழக்கமில்லாத கை பாட்டிலை வாங்கிவிட்டது. பாதியைக் குடித்த பிறகுதான் விட்டார்.

அரைக் கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை. நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே நேரமாயிற்று. மிச்சத்தை நடந்தும் நின்றும் கடந்து இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தாள். முடிவிடத்தில் காற்றடைத்து நிறுத்தியிருந்த வளைவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். குனிந்துதான் உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்து காலணிகளைப் பரண்மேல் போட்டாள். இனி ஓடுவதில்லை என்று முடிவு செய்தாகிவிட்டது.

சாயங்காலம் அத்தான் அக்காவோடு வந்தார். முதுகுதட்டிகளுக்கு ஒரு வரிசைக்கிரமம் உண்டு. முதலில் ஒன்றும் பேசாமல் நம் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு தங்கள் அலுவலகத்தில் இதைவிட மோசமாகத் தோற்ற ஒருவரின் கதை. அத்தானிடம் மூன்று பேர் இருந்தார்கள், மூவரையும் இறக்கினார். அவள் அளவுக்கு இவ்வளவு ஓடியதே பெரிது என்றார். அந்த "அளவுக்கு" அவளுக்கு எங்கே தைத்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கடைசியாகக் காரணத்துக்கு வந்தார்.

"உடம்பு இல்லம்மா, மனசு. ஏழாவது கிலோமீட்டர்ல உன் மனசு விட்டுப்போச்சு. நான்தான் பக்கத்துலயே இருந்து பாத்தேனே. அடுத்த தடவை அஞ்சாவதுலயே நிக்கிறேன். ரெண்டு பாட்டில்."

ரெண்டு பாட்டில் என்றதும் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"அத்தான், மனசெல்லாம் விடல. நீங்க குடுத்ததைக் குடிச்சதாலதான் உக்காந்தேன். என் வயிறு அதைத் தாங்காது. தெரிஞ்சும் குடிச்சது என் தப்பு. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல."

அக்கா கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். அத்தான் தன் கைகளைப் பார்த்தார். "அப்போ நானாம்மா?" என்றார்.

அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. பரவாயில்லை, நல்ல எண்ணத்தில்தானே செய்தீர்கள், எல்லாம் ஓர் அனுபவம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அந்த வீட்டில் இரண்டு முதுகுதட்டிகள் ஆகியிருப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

அத்தான் தம் வாழ்நாளில் முதல் தடவையாக அவளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். "அதுக்கு முன்னாடி ஆறு கிலோமீட்டர் ஓடினியே, எப்படி இருந்துச்சு?"

அவள் சொன்னாள். பாலத்து ஏற்றம், தன் மூச்சுச் சத்தம், ஐம்பத்து மூன்றாவது நிமிடம், தனியாகச் சிரித்தது, எல்லாம் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. சொல்லி முடித்ததும் நாற்காலியைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து காலணிகளை எடுத்தாள்.

"அடுத்த தடவை முடியற இடத்துல வந்து நில்லுங்க அத்தான். கையில ஒண்ணும் வேணாம்."

நல்லவேளை, நாம் அந்த இனமில்லை என்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் படித்துக்கொண்டே வரும்போது, அண்மையில் எதிலோ தோற்றுப்போன ஒருவருடைய முகம் உங்கள் மனதில் வந்து போனதே. பாவம், தெம்பாக இருக்கும், இதை அவருக்கு அனுப்பிவைக்கலாம் என்றுகூட நினைத்தீர்களே. வேண்டாம், பாட்டிலைக் கீழே வையுங்கள்.