கோர்ட்டு மாமா கேட்ட நஷ்டஈடு

உலகத்தில் உள்ள மனித உரிமைக் கோர்ட்டுகள் அத்தனைக்கும் கடிதம் போட்ட மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், எங்கள் மாசாய் அடுக்குமாடியின் தரைத்தளத்தில்தான் குடியிருந்தார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கோர்ட்டு மாமா என்றால் தபால்காரருக்கே தெரியும்.

மாமா லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவர் அம்மா வயிற்றில் இருக்கும்போதே அவருடைய அப்பாவை ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர் திரும்பவில்லை. எழுபது வயது வரை சும்மா இருந்த மாமா, நாடுகளையே கேள்வி கேட்கும் கோர்ட்டு இருக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து என்னைச் சும்மா விடவில்லை.

"தம்பி, சிங்கப்பூர் ஆபீஸ்ல வேலை செய்யிற. ஜப்பான் மேல ஒரு கேஸ் போடணும், இங்கிலீஷ்ல அடிச்சுக் குடு லா" என்று காலையில் என் மோட்டார்சைக்கிளுக்குக் குறுக்கே நிற்பார். சரி என்று சொன்னால்தான் நகருவார்.

முதல் மனு ஐரோப்பாவுக்குப் போனது. ஜப்பான் எங்கள் எல்லைக்குள் வராது என்று மரியாதையாகப் பதில் வந்தது. அடுத்து அமெரிக்கா, பிறகு ஆப்பிரிக்கா. எல்லோரும் கையை விரித்தார்கள். ஆசியாவுக்கு அப்படி ஒரு கோர்ட்டே கிடையாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அலமாக்! ஐஸ் செண்டோல் விக்கிற கடைக்கே நாலு கிளை இருக்கு. இம்மாம் பெரிய ஆசியாவுக்கு ஒரு கோர்ட்டு இல்லையா?"

ஆனாலும் அசரவில்லை. திடீரென்று விசாரணைக்குக் கூப்பிட்டால் வேண்டுமே என்று, பழைய துணி விற்கும் கடையில் கறுப்புக் கோட்டு ஒன்று வாங்கினார். உச்சி வெயிலில் அதை மாட்டிக்கொண்டு தபாலுக்குக் காத்திருப்பார். புதிதாக வந்த தபால்காரர் அவரை வக்கீல் என்றே நம்பி, தன் போலீஸ் சம்மனுக்கு யோசனை கேட்டார். மாமாவும் சளைக்காமல் அரை மணி நேரம் சொன்னார்.

கடைசியில், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற ஓர் உலக அமைப்பின் படிவம் கிடைத்தது. அதில் ஒரு கட்டம்: என்ன நஷ்டஈடு கேட்கிறீர்கள்? மாமா எவ்வளவு கேட்பார் என்று எனக்கு வருஷக்கணக்காக ஒரு குறுகுறுப்பு.

"ஒரு மில்லியன் போடலாமா மாமா?"

"காச வச்சு என்னா பண்றது? எங்கப்பா செத்த தேதி வேணும். அவங்ககிட்ட லிஸ்ட் இருக்கும்ல?"

"தேதி தெரியாதவங்களுக்குத்தான் அமாவாசை இருக்கே."

"அமாவாசை ஊருக்கே பொது. எங்கப்பாவுக்குன்னு ஒரு நாள் வேணாமா? எந்தத் திதில எலை போடறதுன்னு எங்கம்மா சாகிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

இத்தனை நாள் மனசுக்குள் சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கட்டத்தில் ஒரே வரி அடித்தேன். பதில் வரவே இல்லை.

மாமா போன வருஷம் ஐப்பசி வளர்பிறை சப்தமியில் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகுட்டி கிடையாது. இந்த வருஷம் அதே திதியில் எங்கள் வீட்டில் அவருக்கு இலை போட்டோம். பக்கத்தில் அவருடைய அப்பாவுக்கும் ஓர் இலை போட்டேன். அதற்கு எனக்கு உரிமை உண்டா என்று எந்தக் கோர்ட்டையும் நான் கேட்கவில்லை.