தோஷமானியில் ஒரு சிட்டிகை உப்பு

ஒரே ஒரு சிட்டிகை உப்பை வைத்துக்கொண்டு ஒரு மகானைக் கவரைப்பேட்டையிலிருந்து ஆந்திராவிலிருக்கும் சூளூர்பேட்டை வரை ஓடவிட்டவன் நான். அந்த ஓட்டத்தைப் பார்த்த லோக்கல் ரயில் ஆரம்பாக்கம் வரைக்கும் போட்டி போட்டுவிட்டு, மூச்சு வாங்கி நின்றுவிட்டது. நம்பமாட்டீர்கள். நம்பாதவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும். அதனால்தான் முழுக்கதையையும் சொல்கிறேன்.

கவரைப்பேட்டையில், நெடுஞ்சாலை ஓரத்தில், எப்போதோ மூடிப்போன ஓர் இரும்புக் கம்பெனியின் தகர ஷெட். அதில் வந்து இறங்கினார் விஞ்ஞானச் சித்தர் அணுவானந்தா. இடுப்பில் காவி வேட்டி. மேலே டாக்டர் போடுகிற வெள்ளைக் கோட்டு. கோட்டுப் பையில் பேனாவும் உண்டு, விபூதிப் பொட்டலமும் உண்டு. வாசலில் பேனர்: "சந்தேகமா? கேளுங்க! காரணம் சொல்வது விஞ்ஞானம், பரிகாரம் சொல்வது சித்தர்!"

கூட்டம் என்றால் கூட்டம், அப்படி ஒரு கூட்டம். உள்ளே ஒருத்தர் தும்மினால் பொன்னேரியில் இருப்பவர் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். நைட் ஷிப்டு முடித்த கம்பெனிக்காரர்கள் வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்து, நின்றபடியே குறட்டை விட்டுக்கொண்டு அருள் வாங்கினார்கள்.

"சாமி, ஐஸ் தண்ணி ஊத்தினா டம்ளரு வெளிய ஏன் வேர்க்குது?" என்று ஓர் அம்மா கேட்டார்.

"டம்ளருக்குக் கண் பட்டிருக்கிறது தாயே. சுற்றிப் போடு."

"பாலு பொங்கி வழியுது. வெறுந்தண்ணி மட்டும் ஏன் சாமி பொங்க மாட்டேன்குது?"

"பால் தாய்மையின் வடிவம். உணர்ச்சி பொங்குகிறது. தண்ணீருக்கு யார் இருக்கிறார்கள்?"

ஷெட்டே கைதட்டியது. பி.இ. முடித்த பையன் ஒருவன் அதை மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டான். நான்கு வருடம் காலேஜில் இதை ஒருத்தரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லையாம்!

எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், கேள்விகளெல்லாம் சொக்கத் தங்கம். டம்ளர் ஏன் வேர்க்கிறது என்று கேட்கிற மூளை சாதாரண மூளையா? பதில்தான் கவரிங். அதைத்தான் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆடினார்கள்.

சரி, வேர்க்கிற டம்ளரால் யார் குடியும் கெடவில்லை. குடி கெடுத்தது தோஷமானி.

அது ஒரு மரப்பெட்டி. அதிலிருந்து இரண்டு கம்பிகள் கீழே நீண்டிருக்கும். பின்பக்கம் ஒரு ஒயர் சுவரில் இருக்கிற பிளக்குக்குப் போகும். குடும்பத்தில் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர், அவரவர் கையாலேயே பிடித்து வர வேண்டும். சித்தர் அதைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, கம்பிகளை விட்டு, மந்திரம் சொல்லி, சுவிட்சைத் தட்டுவார். தோஷம் இல்லாதவர் தண்ணீர் அப்படியே இருக்கும். தோஷம் பிடித்தவர் தண்ணீர் நுரைத்து, பழுப்பேறி, கடைசியில் சாக்கடையாகக் கறுக்கும். கண்ணெதிரே நடக்கும்போது யார் நம்பாமல் இருப்பார்கள்?

என் பக்கத்து வீட்டுத் தணிகாசலம் நெல்லுப் பயிர் வைக்கிறவர். அவர் வீட்டு மருமகள் காயத்ரி திருவாலங்காட்டுப் பெண். கல்யாணம் ஆகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவள் வந்த பிறகு வீட்டில் போர் மோட்டார் எரிந்தது. எருமை சினை நிற்கவில்லை. பிள்ளை பரத்துக்குக் கம்பெனியில் கான்ட்ராக்ட் நீட்டிக்கவில்லை. அந்தத் தெருவில் மோட்டார் எரியாத வீடே கிடையாது, கான்ட்ராக்ட் போகாத பிள்ளையும் கிடையாது. ஆனால் மற்ற வீடுகளில் புது மருமகள் இல்லையே! அதனால் அங்கெல்லாம் கம்பெனிமேல் கோபம். இங்கே மட்டும் காயத்ரிமேல்.

மாமியார் அஞ்சம்மாள் நாலு பாட்டிலோடு குடும்பத்தையே ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். மாமனார் தண்ணீர் தெளிவு. மாமியார் தண்ணீர் பன்னீர். பரத் தண்ணீர் பளிங்கு. காயத்ரி தண்ணீர் மட்டும் எருமை நிறம்.

"மூன்று அமாவாசை பிறந்த வீட்டில் இருக்கட்டும். அதற்குள் பிள்ளைக்கு வேறு வழி பார்ப்போம்" என்றார் சித்தர்.

வேறு வழி என்றால் வேறு பெண் என்று அஞ்சம்மாள் புரிந்துகொண்டார். பரத் அதைக்கூடப் புரிந்துகொள்ளவில்லை. "அம்மா சொன்னா கரெக்டாதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மொபைலில் கிரிக்கெட் பார்த்தான். காயத்ரியின் அப்பா சின்னதுரைக்குப் போன் பறந்தது: சனிக்கிழமை சாயங்காலம் வந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகவும்.

சனிக்கிழமை காலை. நான் பின்பக்கம் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். காயத்ரி பம்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். துரத்தப்போகிற நாளிலும் பாத்திரத்துக்கு மட்டும் தோஷம் பார்ப்பதில்லை.

"மாமா, உங்கள ஒன்னு கேக்கட்டா?" என்றாள்.

"கேளும்மா."

"அன்னைக்கு அவங்க மூணு பேரும் கேன்லேந்து தண்ணி புடிச்சாங்க. நான் பாத்திரம் தேச்சுக்கினே இந்தப் பம்புல அடிச்சு ரொப்பிக்கினேன். அப்ப கறுப்பானது என் கையா, பம்புத் தண்ணியா?"

என் வழுக்கைத் தலையில் இல்லாத முடியெல்லாம் எழுந்து நின்றது.

எங்கள் பக்கத்துச் சங்கதி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே வீட்டுக்கு வீடு தண்ணீர் இரண்டு வகை. கடல் நிலத்துக்கு அடியில் விருந்தாளியாக நுழைந்து, குடித்தனக்காரனாகவே தங்கிவிட்டது. பம்புத் தண்ணீரில் குழம்பு வைத்தால் உப்புச் செலவு மிச்சம். அதனால் குடிக்கக் கேன் தண்ணீர். அதிலும் வரிசை உண்டு: முதலில் மாமனார், அப்புறம் பிள்ளை, அப்புறம் மாமியார். கேனின் அடியில் ஏதாவது மிஞ்சினால் மருமகள். பம்படி மட்டும் முழுக்க முழுக்க அவளுக்கே சொந்தம்!

"தாயே, இந்தக் கேள்விய அந்தச் சித்தர்கிட்ட கேட்டியா?"

"கேட்டா வாயாடின்னுவாங்க."

"வாயால கேக்காத. பாட்டிலால கேளு."

அந்தக் கம்பி வித்தை என்னவென்று அவளுக்கு விளக்கினேன். திட்டம் அங்கேயே பிறந்தது. காயத்ரி கேன் தண்ணீர் எடுத்து வர வேண்டும். பம்புத் தண்ணீரை அஞ்சம்மாள் கையால் அடிக்க வேண்டும். முதலாவது சுலபம். இரண்டாவதுக்குத்தான் என்னுடைய பொய் பேசும் திறமை தேவைப்பட்டது.

"அஞ்சம்மா, பம்புல தோஷம் ஒட்டிக்கினு இருக்குதாம்மே" என்று வாசலில் போய் நின்றேன்.

"இன்னா அண்ணே, பேஜாரு மேல பேஜாரா சொல்றீங்க!"

"பயப்படாத. உன் தண்ணிதான் பன்னீராச்சே. சுத்தமான கை. அந்தக் கையால நீயே ஒரு பாட்டில் அடிச்சு எடுத்துக்கினு வா. சித்தர் முன்னாடி வெச்சா பம்பும் சுத்தமாயிடும், உன் மகிமையும் ஊருக்குத் தெரியும்."

அஞ்சம்மாள் முகம் கும்பாபிஷேகம் கண்ட கோபுரமாக மலர்ந்தது. குளித்து, பட்டுப்புடவை கட்டி, பாட்டில் கழுத்தில் மஞ்சள் கொம்பு கட்டி, தானே பம்படித்துத் தானே நிரப்பினார். பரத் பார்த்தான். தணிகாசலம் பார்த்தார். தெருவில் பாதிப் பேரை நானே கூப்பிட்டுப் பார்க்க வைத்தேன். அப்படியே அவர்கள் எதிரில் காயத்ரியும் கேனைச் சாய்த்து ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டாள்.

ஷெட்டில் அன்றைக்கும் திருவிழாதான்.

"சாமி, பொறந்த ஊட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இன்னொரு தபா பாத்துடுங்க" என்று காயத்ரி பாட்டிலை நீட்டினாள்.

சித்தர் தாராளமாகக் கம்பியை விட்டார். மந்திரம் சொன்னார். சுவிட்சைத் தட்டினார். தண்ணீர் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் மந்திரம் சொன்னார். தண்ணீர் அவரைத் தெளிவாகப் பார்த்தது.

கூட்டம் முணுமுணுத்தது. ஆனால் மகான் லேசுப்பட்டவரா? "பார்த்தீர்களா! புறப்படுகிறேன் என்று நினைத்ததுமே தோஷம் நீங்கத் தொடங்கிவிட்டது!" என்றார். கைதட்டல். நானும் தட்டினேன். திறமை எங்கே இருந்தாலும் மதிக்க வேண்டும்.

அடுத்து அஞ்சம்மாள் மஞ்சள் கட்டிய பாட்டிலோடு, அம்மன் ஊர்வலம்போல நடந்து வந்தார். "இது என் கையால அடிச்சது சாமி."

சுவிட்ச் தட்டப்பட்டது. முதலில் நுரை. பிறகு பழுப்பு. பிறகு, மீஞ்சூர் பக்கம் கரி ஏற்றிப்போகிற லாரியை அப்படியே கழுவி ஊற்றியதுபோல ஒரு கறுப்பு.

"ஐயையோ!" என்றார் அஞ்சம்மாள். "சாமி, இது இன்னா சாமி?"

சித்தர் நெற்றியில் டம்ளருக்கு வேர்ப்பதுபோல வேர்த்தது. "தோஷம்... மருமகளிடமிருந்து மாமியாருக்குத் தாவியிருக்கிறது."

அதுதான் அவர் செய்த தப்பு. மருமகள்கள்மேல் தோஷம் சொன்னவரை ஷெட் முழுக்க இருந்த மாமியார்கள் கும்பிட்டார்கள். தாவும் என்று சொன்னதும் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

"இன்னாது, தாவுமா? எம்மேலயும் தாவுமா?" என்று ஓர் அம்மா புடவையை இழுத்துச் செருகினார்.

காயத்ரி மேஜையிலிருந்த பரிகாரத் தீர்த்தத்தில் ஒரு பாட்டிலை எடுத்தாள். "சாமி, இது நீங்களே கையால புடிச்சு மந்திரிச்சதுதானே?"

"இமயத்துக் குகையில்."

அவளே டம்ளரில் ஊற்றிக் கம்பியை விட்டுத் தட்டினாள். சுத்தம். சித்தருக்கு உயிர் வந்தது. அவர் மூச்சு விடுவதற்குள், திருஷ்டி கழிக்க வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து அதே டம்ளரில் போட்டுக் கலக்கி, மறுபடி தட்டினாள்.

இமயத் தீர்த்தம் நுரைத்தது. பழுப்பேறியது. கறுத்தது.

"இப்ப தோஷம் யாருக்கு சாமி?" என்று கேட்டாள் காயத்ரி. "உங்களுக்கா, இமயமலைக்கா, உப்புக்கா?"

அவளே கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "உப்புத் தண்ணியில கரண்டு பாயும். பாய்ஞ்சா இந்த இரும்புக் கம்பி கரையும். கரைஞ்ச இரும்புதான் இந்தக் கறுப்பு. கேன் தண்ணியில உப்பு கெடயாது, அதான் ஒன்னும் ஆவல. நம்பலன்னா நீங்களே போட்டுப் பாருங்க, உப்பு இங்கதான இருக்குது."

போட்டுப் பார்த்தார்கள். அடேயப்பா! உப்புத் தட்டு காலியாகும் வரை போட்டுப் பார்த்தார்கள். கேன் தண்ணீர் கறுத்தது, கோலி சோடா கறுத்தது. பி.இ. பையன் தன் வாட்டர் பாட்டிலையே ஊற்றி உப்புப் போட்டுப் பார்த்து, இந்த முறையும் வீடியோ எடுத்தான்.

யாரோ சித்தரின் கோட்டைப் பிடித்தார்கள். அத்தோடு இமயத்துத் தமிழ் உதிர்ந்தது. "டேய் நைனா, டப்பு டப்பாவ எடுத்துக்கினு வண்டிய கெளப்புடா!" என்று வாசலில் காசு வசூலிக்கிற சீடனைப் பார்த்து அலறினார். சீடன் டப்பாவோடு ஏற்கெனவே கிளம்பியிருந்தான், சித்தரை விட்டுவிட்டு. அப்புறம்தான் நான் சொன்ன அந்த ஓட்டம். கோட்டு எங்கள் கையில், காவி தண்டவாளத்தின்மேல், மிச்சம் ஆந்திராவை நோக்கி.

ஊரே பார்த்தது. ஒருத்தி மட்டும் பார்க்கவில்லை.

"நான் கண்ண மூடி சாமி கும்புட்டுக்கினு இருந்தேன். ஒன்னும் பாக்கல" என்றார் அஞ்சம்மாள், வீடு வந்ததும். "கறுப்பெல்லாம் ஆவல. ராஜமாணிக்கம் அண்ணன் கத கட்டுவாரு. சித்தரு அவசரமா காசிக்குப் போயிருக்காரு."

கதை கட்டுவேன் என்பது உண்மைதான். அதற்காக, கறுத்த தண்ணீரை நானா கறுக்க வைத்தேன்?

சாயங்காலம் சின்னதுரை வந்து சேர்ந்தார். வாசலில் காயத்ரியின் பை கட்டியபடி இருந்தது. தணிகாசலம் பையை உள்ளே எடுத்துப் போகக் குனிந்தார். காயத்ரி அதன்மேல் கை வைத்தாள்.

"இருங்க மாமா. கறுப்பாச்சுன்னு தெருவெல்லாம் சொன்னவங்க அத்தைதான். இப்ப நடந்ததயும் அவங்க வாயால சொல்லட்டும். இல்லன்னா எங்கப்பாகூடப் போறேன். மூணு அமாவாசைக்கு இல்ல, ஒரேயடியா."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? வேடிக்கை பார்க்க நின்ற தெருவைப் பார்த்துச் சொன்னேன்: "ஒரு பொண்ணத் தொரத்த ஒரு டம்ளர் தண்ணி போதும்னு நெனச்சீங்க. அந்தத் தண்ணி எங்கேந்து வந்துச்சுன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா? டம்ளருக்கு ஏன் வேர்க்குதுன்னு கேக்கத் தெரியுது. சாமியாருக்கு ஏன் வேர்க்குதுன்னு கேக்கத் தெரியல! மூளைக்கு கான்ட்ராக்ட் முடிஞ்சிடுச்சா?"

தெரு தலையைக் குனிந்துகொண்டது. சின்னதுரை அஞ்சம்மாளிடம் திரும்பினார்.

"சம்மந்தி அம்மா, எம்பொண்ணு கை பட்டா தண்ணி கறுக்குதுன்னு போன்ல சொன்னீங்க. நெசமா?"

அஞ்சம்மாள் புருஷனைப் பார்த்தார். அவர் எருமையைப் பார்த்தார். அஞ்சம்மாள் பிள்ளையைப் பார்த்தார். பரத், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, மொபைலைப் பாக்கெட்டில் போட்டான்.

"சொல்லும்மா" என்றான். "காயத்ரி போனா நானும் அவகூடத்தான் போவேன்."

அஞ்சம்மாள் பட்டுப்புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"அவ கை இல்ல சம்மந்தி" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் அடிச்ச தண்ணியும் கறுப்பாத்தான் ஆச்சு. கண்ணெல்லாம் மூடல. நான் பாத்தேன்."