புதையல் எப்போதும் வலது பக்கம்

பபேடான், ரங்கூன்
அக்டோபர் 2003

சிங்கப்பூரில் கோலோச்சிக்கொண்டிருக்கும் என் தாய்மாமா அப்துல் அஜீஸ் அவர்களின் மேலான சமூகத்திற்கு, மருமகன் தவ்ஹீத் அஸ்ஸலாமு அலைக்கும் கூறி, சீவாத தலையைத் தாழ்த்தி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். அந்த ஊரில் சுகமில்லாமல் இருந்தால்கூட அபராதம் போடுவார்கள் என்று கேள்வி.

முதற்கண் ஒரு முக்கிய அறிவிப்பு. இரண்டு மழைக்காலமாக என்னைச் சுமந்து வந்த வலது கால் ரப்பர் செருப்பானது, சென்ற ஜூலை மாதத்து மழையில் நான் பஸ்ஸுக்கு ஓடிய சமயம் வார் பிய்ந்து அகால மரணம் அடைந்தது என்பதை ஆழ்ந்த வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். பஸ்ஸும் போய்விட்டது. உம்மா தன் முக்காட்டில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, வாரின் குமிழுக்கு அடியில் குறுக்கே மாட்டி, அதற்கு மறுவாழ்வு கொடுத்தார்கள். இடது கால் செருப்பு, விதவையாகாமல் தப்பித்த சந்தோஷத்தில் நலமாக உள்ளது. இதை நான் எழுதுவது புதுச் செருப்பு கேட்பதற்காக அல்ல. நபீஸா பெரியம்மா மகன் மாஹிருக்குப் போன தடவை நீங்கள் அனுப்பிய வெள்ளைக் கேன்வாஸ் ஷூவைப் பற்றியும் நான் ஒன்றும் நினைக்கவில்லை. அது அவன் காலைக் கொஞ்சம் கடிக்கிறது என்று கேள்விப்பட்டு அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன், அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கப்பல்காரர் முகைதீன் மூலமாக நீங்கள் அனுப்பிய, மண்ணுக்கு அடியில் கிடக்கும் தங்கத்தை மோப்பம் பிடிக்கிற மெஷின் பத்திரமாக வந்து சேர்ந்தது. சேர்ந்த இடம்தான் சரியில்லை. பபேடானில் ஒரு மருமகன், தாமுவேயில் ஒரு மருமகன் என்று உங்களுக்கு இரண்டு பேர் இருக்க, பெட்டியின் மேல் மாஹிர் என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். என் பெயரையும் எழுதப் பெட்டியில் இடம் இருந்திருக்காது. பெட்டி என் உயரம் இருந்தது, இருந்தாலும் இடம் இருந்திருக்காது. நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை மாமா. நபீஸா பெரியம்மா மகனுக்கு வாட்ச், நபீஸா பெரியம்மா மகனுக்கு இங்கிலீஷ் டியூஷன், நபீஸா பெரியம்மா வீட்டில் டெலிபோன். எங்கள் வீட்டில் டெலிபோன் கிடையாது. மணி அடிப்பதற்கு உம்மா இருக்கிறார்கள், அது போதும். ஆனால் பெட்டிக்குள் நீங்கள் வைத்திருந்த சீட்டில், இரண்டு பேரும் பழகுங்கள், டிசம்பரில் நான் வரும்போது எவன் ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்கிறானோ அவனை வடக்கே ஆற்று மணலில் தங்கம் அரிக்கிற இடத்துக்கு ஜீப்பில் கூட்டிப் போவேன், ஒருத்தனுக்குத்தான் இடம் என்று எழுதியிருந்ததைப் படித்த அன்றிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. நான் பிறந்ததிலிருந்து அதிகபட்சம் போன தூரம் இன்சீன். அதுவும் அந்த சர்க்கிள் ரயில் வட்டமாக ஓடுகிற ரயில், ஏறிய இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடும். அந்த ஜீப் இடம் எனக்குத்தான் வேண்டும். அதற்காகத்தான் உண்மையை உள்ளது உள்ளபடி உங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

மாஹிர் கற்றுக்கொண்ட லட்சணத்தைச் சொல்கிறேன் கேளுங்கள். மெஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அவன் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தான். படித்துவிட்டு, மெஷினைக் கையில் எடுக்கும் முன்னால் வாட்சைக் கழற்றினான், சாவியைக் கழற்றினான், அரைஞாணில் கட்டியிருந்த தாயத்தைக் கழற்றிப் பெரியம்மா கையில் கொடுத்தான், கயிறு கோக்கிற ஓட்டையைச் சுற்றித் தகர வளையம் இருக்கிறது என்று உங்கள் வெள்ளை ஷூவையும் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினான். எதுக்குடா இந்தத் துறவறம் என்று கேட்டேன். மேலே உலோகம் இருக்கக்கூடாதாம், புத்தகம் சொல்கிறதாம். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மெஷின் தேடுவது மண்ணுக்கு அடியில், இவன் கழற்றுவது மண்ணுக்கு மேலே. இங்கிலீஷ் டியூஷனுக்குப் போனால் இப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவனுக்கு ஒரு உதவியும் செய்தேன், அதையும் மறைக்க விரும்பவில்லை. டீக்கடைகளில் கிடக்கும் சோடா மூடிகளை ஒரு பை நிறையப் பொறுக்கி, பெரியம்மா வீட்டுப் பின்பக்கத்தில் அவன் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஊன்றி வைத்தேன். நெல் விதைக்கிறவன்கூட அவ்வளவு சீராக விதைத்திருக்க மாட்டான். திரும்பி வந்து மெஷினை ஓட்டினான், கத்தியது, தோண்டினான், மூடி. மறுபடி கத்தியது, மறுபடி மூடி. நான் மதில் மேல் உட்கார்ந்து கொய்யாக்காய் தின்றபடி, அவன் மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டு அழுகிற நேரத்துக்காகக் காத்திருந்தேன். அவன் அழவில்லை மாமா. மூடிகளை வரிசையாக அடுக்கினான். இது துருப்பிடித்த மூடி, இதுக்கு இப்படி சத்தம், இது புது மூடி, இதுக்கு இப்படி சத்தம் என்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனக்குத்தானே பேசினான். சாயங்காலம் பெரியம்மாவின் மோதிரத்தை ஒரு மூடிக்குப் பக்கத்தில் புதைக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு தேடி மோதிரத்தை மட்டும் எடுத்தான். எடுத்துவிட்டு என்னிடம் வந்து, நீ செய்த வேலை என்று தெரியும், ரொம்ப உபகாரம் என்றான். அன்றைக்கு ராத்திரி உம்மா வைத்த மோஹிங்கா மீன் நூடுல்ஸ் எனக்கு இறங்கவில்லை. எதிரிக்குக் குழி தோண்டினால், அந்தக் குழியிலும் அவன் பாடம் படித்துவிட்டு வருகிறான்.

என் கதை வேறு. எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை, பிறவியிலேயே கைராசி. மாஹிர் மெஷினை ஆட்டினால் அது மணிக்கணக்காக ஊமையாக இருக்கும். நான் வாங்கி ஆட்டினால் உடனே பாட ஆரம்பித்துவிடும். இடது பக்கம் ஆட்டுகையில் கம்மென்று இருக்கும், வலது பக்கம் காலோரம் வந்ததும் டிங் என்னும். எங்கே போனாலும் இப்படித்தான். தாமுவேயில் டிங், மார்க்கெட் பின்னால் இருக்கும் மைதானத்தில் டிங், எங்கள் தெருவில் சிமெண்டுத் தரையில்கூட டிங். இதிலிருந்து நான் கண்டுபிடித்த ஆராய்ச்சி முடிவு என்னவென்றால், புதையல் எப்போதும் மனிதனுக்கு வலது பக்கம்தான் இருக்கும். நாம் நல்ல காரியத்துக்கெல்லாம் வலது கையைத்தானே நீட்டுகிறோம், மண்ணுக்கும் அந்த மரியாதை தெரியாதா. தோண்டிப் பார்த்தால் ஒன்றும் இல்லையே என்று மாஹிர் கேட்டான். புதையல் ஒரு இடத்தில் நிற்காது, ஆள் வரும் சத்தம் கேட்டால் நகர்ந்து போய்விடும், அதைக் காக்கிற ஆவி இழுத்துக்கொண்டு போய்விடும் என்று நம் பர்மாக்காரர்கள் அத்தனை பேரும் சொல்கிறார்களே, உன் புத்தகத்தில் அது இல்லையா என்று கேட்டேன். இல்லை என்றான். என்ன புத்தகமோ.

இப்படியாகத்தானே நாங்கள் இன்சீனுக்குப் போக நேர்ந்தது. வாப்பாவின் பூட்டுக் கடைக்குச் சாவி வெட்டித் தருகிற நல்லையா ஐயாவை உங்களுக்கு நினைவிருக்கும், பெயரிலும் ஒரு ஐயா, மரியாதைக்கும் ஒரு ஐயா, ஆனால் ஆள் ஒருத்தர்தான். ரயில்வே பட்டறையை ஒட்டி அவருடைய வீடு. ஜப்பான்காரன் குண்டு போட்டு ஊரே ஓடிய சமயம், பட்டறையில் பிட்டராக இருந்த அவருடைய அப்பா, புறப்படுவதற்கு முன்னால் வீட்டுப் பின்பக்கத்தில் குழி தோண்டி எதையோ புதைத்ததைச் சின்னப் பையனாக இருந்த இவர் பார்த்திருக்கிறார். போன அப்பா வழியிலேயே காலமாகிவிட்டார். புதைத்தது என்ன என்று கேட்க ஆள் இல்லை. அம்மாவுடைய நகையாகத்தான் இருக்கும் என்று அன்றிலிருந்து இவர் நம்பிக்கொண்டு வருகிறார். மெஷின் வந்த செய்தி கேட்டதும் கடைக்கே வந்து வாப்பாவிடம், பிள்ளைகளைக் கொஞ்சம் அனுப்பி வைங்க பாய், எனக்கும் வயசாகுது, என்னன்னு தெரிஞ்சுக்கிட்டாப் போதும் என்றார். மாமா, தங்கம் கிடைத்தால் கிடைத்தவனுக்குத்தான் ஜீப் என்று நான் அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

மெஷினைப் பாயில் சுருட்டி ரயிலில் கொண்டுபோனோம். அந்த மண்ணைப் பற்றி என்ன சொல்ல. பட்டறைக்காரர்கள் பரம்பரையாகக் குடியிருந்த மண், மண்ணைவிட இரும்பு அதிகம். மாஹிர் குமிழைத் திருகி, இரும்புக்குக் கத்தாதே என்று மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒரு மூலையிலிருந்து தரையைத் தடவுகிற மாதிரி மெதுவாக நகர்ந்தான். நாள் பூராவும் நகர்ந்தால்கூட முடியாது போலிருந்தது. என் முறை வந்ததும் குமிழைப் பழையபடி திருகிவிட்டு வலது பக்கமாகத் தோண்டிக்கொண்டே போனேன். நட்டு, போல்ட்டு, தண்டவாள ஆணி, ஒரு தேநீர்க் கெட்டிலின் மூக்கு. நல்லையா ஐயாவின் சம்சாரம் ரத்தினம்மாள் அம்மா எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரனுக்கென்று கூடையில் போட்டபடியே வந்தார்கள். வார்டு ஆபீஸ்காரர் வேலிக்கு வெளியே நின்று என்ன தோண்டுகிறீர்கள் என்று கேட்க, வாழை வைக்கப் போகிறோம் என்று ஐயா சொல்லிவிட்டார். மறு வாரம் நாங்கள் போனபோது அந்த நல்ல மனுஷர் வாழைக்கன்றுகளோடு வந்து நின்றார். நட்டோம். நான் தோண்டிய குழிகளில் எல்லாம் இப்போது வாழை.

தோட்டத்துக் கோடியில் அவர்கள் வீட்டு முனீஸ்வரர், ஒரு கல்லாக, மஞ்சள் பூசி உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கம் போகும்போது ரத்தினம்மாள் அம்மா செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். மெஷின் ஊமையாகிவிட்டது. வெளியே வந்து செருப்பைப் போட்டேன், டிங். மறுபடி கழற்றி உள்ளே போனேன், ஊமை. முனீஸ்வரர் வாயைக் கட்டுகிறார் என்று ரத்தினம்மாள் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், ஐயா சேவல் நேர்ந்துகொண்டார், வேலிக்கு அந்தப் பக்கம் வேடிக்கை பார்த்தவர்கள்கூடக் கும்பிட்டார்கள். நான் மட்டும் யோசித்தேன். ஊரெல்லாம் பாடுகிற மெஷின் ஓரிடத்தில் வாயை மூடுகிறது என்றால், இருக்கிற இடம் அதுதான். இந்த அபாரமான யோசனையின் பேரில் அங்கேயே நிதானமாகத் தேடி, கல்லுக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு சத்தத்தைப் பிடித்து, தோண்டி எடுத்தேன். நான். தவ்ஹீத். ஒரு தகர டப்பா, அதற்குள் எண்ணெய்த் துணி, அதற்குள் ஒரு பித்தளை வில்லை. நகை இல்லை. ஐயாவின் அப்பா பட்டறைக்குள் போகும்போது வாசலில் காட்டுகிற டோக்கன், அவருடைய நம்பர் வெட்டியது. அதைத் தொலைத்தால் வேலை போய்விடுமாம். ஓடுகிற வழியில் தொலைந்துவிடப் போகிறது, திரும்பி வந்ததும் வேலைக்குப் போகணுமே என்று புதைத்துவிட்டுப் போயிருக்கிறார் அந்த மனுஷர். ரத்தினம்மாள் அம்மா, இத்தனை வருஷமா மாமியார் நகைன்னு கனவு கண்டேன், கிடைச்சது மாமனார் நம்பரு என்று சொல்லிச் சிரித்தார்கள். பிறகு அவர்களே உள்ளே போய்ப் புளி எடுத்து வந்து தேய்த்தார்கள். ஐயா அதை வாங்கிச் சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொண்டு, "திரும்பி வர்றதாத்தான் இருந்திருக்காரு" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். 

ஆக மாமா, தேடியவன் யார், கண்டெடுத்தவன் யார் என்பது உங்களுக்கு விளங்கியிருக்கும். ஜீப்பில் ஜன்னல் ஓரம் எனக்குப் பிடிக்கும். மாமிக்கு என் சலாம், சின்ன மச்சானுக்குக் கன்னத்தில் ஒரு கிள்ளு. அல்லாஹ் உங்கள் தொழிலில் பரக்கத்தையும், உங்கள் மனதில் இரண்டு மருமகன்களுக்கும் சம இடத்தையும் தந்தருள்வானாக, ஆமீன்.

இப்படிக்கு,
உங்கள் மெய்யான மருமகன்
தவ்ஹீத்

பின்குறிப்பு: கவரை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்க அடுப்படிக்குப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து மாஹிர் மெஷினோடு வந்தான். வாசலில் கிடந்த என் செருப்பைத் தாண்டும்போது மெஷினின் அடித்தட்டு அதன் மேல் போனது. டிங். இடது கால் செருப்புக்குக் காட்டினான், கம்மென்று இருந்தது. வலதுக்குக் காட்டினான், டிங். எடுத்துத் திருப்பினான். உம்மாவின் ஊக்கு. கையில் பருக்கையோடு அடுப்படி வாசலில் நின்று நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். நானாக இருந்தால் பெருநாள் வரைக்கும் சிரித்திருப்பேன், தெருவைக் கூட்டியிருப்பேன். அவன் செருப்பை இருந்த இடத்தில் சேர்த்து வைத்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்டா" என்றான். இதுகூடப் பரவாயில்லை. நேற்று நீங்கள் தாமுவேக்கு போன் பண்ணி, எவன் தேறினான் என்று கேட்டீர்களாமே, டோக்கனைக் கண்டுபிடித்தது தவ்ஹீத் என்று சொல்லிவிட்டானாம். ஏன்டா என்று கேட்டதற்கு, "தோண்டினது நீதானே. நீ போய்ட்டு வா, எனக்கு ஜீப்புல வாந்தி வரும்" என்கிறான். அவனுக்கு வாந்தி வந்து நான் பார்த்ததே இல்லை. பொய் ஒன்றிலாவது இந்தக் குடும்பத்தில் நான் முதலாவதாக இருந்தேன். அதையும் எனக்கு முன்னால் எனக்காகச் சொல்லி முடித்துவிட்டான். இதை எப்படி மாமா பொறுத்துக்கொள்வது.

கல்லுக்குப் பின்னால் அந்தச் சத்தத்தைப் பிடித்தது மாஹிர். நான் மெஷினைத் துடைப்பம் மாதிரி மேலாக வீசிவிட்டு, இங்கே ஒன்றும் இல்லை என்று சொல்லி வெளியே வந்து, என் செருப்பைப் போட்டுக்கொண்டு அந்தச் செருப்பையே தேடித் தோண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் மண்வெட்டி பிடித்தது நான்தான், அது சத்தியம். அவன் காட்டிய இடத்தில். ஜீப்பில் அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். பின்னால் சாமான் போடுகிற இடம் காலியாக இருந்தால், நானும் ஒரு சாமான்தான் என்பதை நினைவுபடுத்துகிறேன்.

ஊக்கை உம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வார் உடனே பிய்ந்துவிட்டது. இப்போது நானும் வெறுங்காலோடுதான் மெஷின் பழகுகிறேன், மாஹிர் சொல்லித் தருகிறான், எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. புதுச் செருப்புக்காக எழுதவில்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்காகத்தான் எழுதினேன். வரும்போது எனக்கு ஒரு ஜோடி வாங்கி வாருங்கள். மாஹிருக்கும் ஒன்று வாங்குங்கள், பாவம். என்னுடையது மட்டும் கொஞ்சம் உசத்தியாக இருக்கட்டும்.